டைட் ஆட்டக்காரர்

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான், சத்தியமாக!) என்ற அக்கவுன்டன்ட் லாஸ் வேகஸில் போக்கர் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தாலும் ஜெயித்தார், அமெரிக்கா முழுக்க போக்கர் ஜுரம். அடுத்த வருஷம் நியூஜெர்சியில் நான் வேலை பார்த்த ஆபீஸிலும் ஒரு செட் சேர்ந்தது. சனிக்கிழமை ராத்திரி, ஒருத்தர் வீட்டு பேஸ்மென்ட், ஆளுக்கு 20 டாலர். ஏழு பேரில் நான் ஒரு தமிழன், ஒருவர் யூதர்.

நாங்கள் ஆடிய டெக்ஸஸ் ஹோல்டெமில் கைக்கு இரண்டே சீட்டு. அது 1,326 விதமாக வரலாம். முக்கால்வாசி குப்பை. பார்த்ததும் கவிழ்த்துவிட வேண்டும். நம் ரம்மி பாஷையில் ஸ்கூட். பொறுமையாக ஸ்கூட் விடுகிறவரை ‘டைட்’ ஆட்டக்காரர் என்பார்கள். பாராட்டுதான்.

யூத நண்பர் அப்படித்தான் ஆடினார். நாலாவது தடவை கவிழ்த்ததும், பீர் டின்னோடு எதிரே இருந்தவன், “காசு வெளியே வராதே, ஜூ ஆச்சே!” என்றான். சிரிப்பு. நண்பரும் சிரித்தார்.

“நானும்தான் அத்தனை தடவை கவிழ்த்தேன்” என்றேன்.

“நீ இந்தியன்ப்பா. கணக்குப் போடறே.”

கொஞ்ச நேரத்தில் நண்பருக்கு இரண்டு ராஜா. தாராளமாகப் பணம் கட்டினார். “பணவாசனை பட்டுடுச்சு” என்றான் அவன். ஜெயித்துச் சில்லுகளை அள்ளியபோது, “கடைசியில எல்லாம் உங்க ஆளுங்ககிட்டதானே வந்து சேருது!” கவிழ்த்தால் கஞ்சன், கட்டினால் பேராசை, ஜெயித்தால் சதி.

தோற்றால் மட்டும் பேச்சு இல்லை. அதற்கப்புறம் நண்பர் கண்டபடி கட்டினார். ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு (போக்கரில் இதைவிட மட்டமான கை கிடையாது) 8 டாலர் விட்டார். சீட்டைத் திருப்பிக் காட்டியதும் எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

யூதர் என்றால் பணம் என்பது பழைய கதை. இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்துவர்கள் வட்டி வாங்கக்கூடாது என்றது சர்ச். யூதர்களைப் பல ஊர்களில் நிலம் வாங்க விடவில்லை, தொழில் சங்கங்களில் சேர்க்கவில்லை. மிச்சமிருந்த சில பிழைப்புகளில் ஒன்று வட்டிக்கு விடுவது. செய்தார்கள், செய்ததற்காகத் திட்டும் வாங்கினார்கள். (நம் ஊர் அடகுக்கடை வாசலில் ‘சேட்டு’ பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.) இங்கிலாந்து 1290-ல் அவர்களை மொத்தமாகத் துரத்தியது. திரும்ப வாழவிட்டது 1656-ல். ஷேக்ஸ்பியர் ஷைலக்கைப் படைத்தது இடையில், யூதர் என்று வெளியே சொல்லி ஒருவர்கூட வாழ முடியாத நாட்டில்.

இதே போக்கரில் உலகப் பட்டத்தை 1980, 81, 97 என்று மூன்று தடவை ஜெயித்த ஸ்டூ உங்கர் ஒரு யூதர். லட்சக்கணக்கான டாலரை ஊதித் தள்ளிவிட்டு, 1998-ல் லாஸ் வேகஸில் ஒரு மலிவு மோட்டல் அறையில் 45 வயதில் இறந்துகிடந்தார். அவரை வைத்து யாரும் ஜோக் சொல்வதில்லை.

ஆட்டம் முடிந்து திரும்பும்போது வழியில் ஒரு டைனரில் காபி. பில் 9 டாலர். நண்பர் கார்டைக் கொடுத்துவிட்டு, டிப்ஸ் என்ற இடத்தில் 5 டாலர் எழுதினார்.

“எதுக்கு இவ்வளவு?”

“கார்டுல என் பேர் இருக்கே. அந்தப் பொண்ணு படிப்பாள் இல்லையா?” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.