வரைபடத்தில் மறைந்திருந்த திட்டு

பகலில் அது ஒரு குட்டி சொர்க்கம். மொரிஷியசுக்கு வடகிழக்கே சுமார் 430 கி.மீ. தொலைவில் பிறைபோல் வளைந்து கிடக்கும் பவளப்பாறைத் தொடர். ஆங்காங்கே வெண்மணல் திட்டுகள், ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள், முட்டையிட வரும் ஆமைகள். வரைபடங்களில் கார்கடோஸ் கராஜோஸ் என்றும் செயின்ட் பிராண்டன் என்றும் இரண்டு பெயர்கள். அலைமட்டத்துக்கு மேல் அதிகம் தலைகாட்டாத இந்தப் பாறை இரவில் கண்ணுக்குத் தெரியாது.

2014 நவம்பர் 29. இருட்டிய சிறிது நேரத்தில், மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் வந்த ஒரு பாய்மரப் படகு பாறைமீது ஏறியது. உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸில் கேப்டவுனிலிருந்து அபுதாபி சென்றுகொண்டிருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' அது. படகில் 9 பேர்.

இதே பந்தயம் 2008 டிசம்பரில் கொச்சிக்கு வந்தபோது, விதிகளின் வரம்புக்குள் அணிகள் தங்களுக்கு ஏற்றபடி படகை வடிவமைத்துக்கொள்ள முடிந்தது. நல்ல படகுக்கு நிறைய பணம் வேண்டும். செலவைக் குறைக்க 2014-ல் புது ஏற்பாடு வந்தது. எல்லோருக்கும் 65 அடியில் ஒரே அச்சுப் படகு: ஒரே உடல், ஒரே பாய்மரம், ஒரே பாய்கள். இனி வித்தியாசம் மாலுமிகளின் திறமையில் மட்டுமே.

அந்த வித்தியாசம்தான் இங்கே காலை வாரியது. மின்னணு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே பாறை தெளிவாகத் தெரியும். அந்தப் படகில் யாரும் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. 40 மீட்டர் ஆழம் இருப்பதாக நம்பினார்கள். மற்ற 6 படகுகள் தப்பிச் சென்றன.

சுக்கான்கள் முறிந்தன, பின்பகுதி நொறுங்கியது. போட்டியாளரான 'டீம் அல்விமெடிக்கா' பந்தயத்தை விட்டுவிட்டு இரவு முழுவதும் அருகிலேயே காவல் நின்றது. விடியும் நேரத்தில் மாலுமிகள் படகைக் கைவிட்டு இறங்கினார்கள். கடலோரக் காவல் படையினர் அவர்களைப் பக்கத்துத் தீவில் சேர்த்தார்கள். யாருக்கும் பெரிய காயம் இல்லை.

உடைந்த படகையும் பாறையில் விட்டுவிடவில்லை. அதை மீட்டு, மலேசியா வழியாகக் கப்பலில் இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். எல்லாப் படகுக்கும் ஒரே வடிவம் என்பதால் புதிதாக வரைய வேண்டிய வேலை இல்லை. சில மாதங்களில் படகு மறுபிறவி எடுத்தது. 2015 ஜூனில் லிஸ்பனில் மீண்டும் பந்தயத்தில் சேர்ந்து, அந்தக் கட்டத்தில் இரண்டாவதாக வந்தது.

ஏழு படகுகளையும் ஒன்றுபோலச் செய்துவிட்டார்கள். திரையைப் பார்க்கும் கண்களை அப்படிச் செய்ய முடியவில்லை.