வங்காலையில் ஊசிவால் வாத்துகள்

மன்னார், ஜனவரி

அன்புள்ள செல்விக்கு,

மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதிக்கு இப்பால், சாலையோரமாக விரிந்து கிடக்கிறது வங்காலைச் சரணாலயம். கழியும் உவர்ச்சேறுமான இந்த வெளி 2010-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்போது நீர் தெரியாத அளவுக்கு வாத்துகள். இங்கே தாரா என்கிறார்கள். அவற்றில் மிகுதி ஊசிவால்தான்.

எல்லா வாத்தும் பழுப்பாகவே தெரிகிறது என்று எழுதியிருந்தாய். ஊசிவாலிலிருந்து தொடங்கு. ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, சாம்பல் உடம்பு, வெள்ளைக் கழுத்து. அந்த வெள்ளை மேலேறி, தலையின் இரு பக்கமும் மெல்லிய கோடாக முடியும். வாலின் நடு இறகுகள் ஊசியாக நீண்டிருக்கும். ஆனால் அக்டோபர் வாக்கில் வந்திறங்கும்போது பல ஆண்களுக்கு இந்தக் கோலம் இராது. பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். ஜனவரியில் அந்தக் குழப்பம் இல்லை. பெட்டைக்குக் கழுத்தைப் பார்: நீளம், மெலிவு. முகம் கோடில்லாத வெறும் பழுப்பு, அலகு சாம்பல். நீலச்சிறகியின் பெட்டை என்றால் முகத்தில் கோடு ஓடும். தட்டைவாயனுக்கு அகன்ற அலகே அடையாளம்.

அந்தக் கழுத்துதான் இதன் பிழைப்பு. இரைக்காக இது முங்குவது அபூர்வம். தலைகீழாகக் கவிழ்ந்து, வால் வானைப் பார்க்க, அடிச்சேற்றைத் துழாவுகிறது. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை எட்டுவதால், பக்கத்திலேயே மேயும் சின்னக் கிளுவைக்குக் கிடைக்காத இரை இதற்குக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் விதை, கிழங்கு, நீர்ச்செடி, வயலில் சிந்திய நெல். வடக்கே முட்டையிடும் பருவத்தில் பெட்டை பூச்சி, நத்தை என்று மாறிவிடும். முட்டைக்குப் புரதம் வேண்டுமே.

பகலில் பெரும்பாலானவை அலகை முதுகிறகில் செருகிக்கொண்டு சும்மா மிதக்கின்றன. மேய்ச்சல் முக்கியமாக மாலையிலும் இரவிலும்தான். தின்றது கொழுப்பாகச் சேர்ந்தால்தான் வடக்கே திரும்பும் நெடும்பயணம் தாங்கும். படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஒவ்வொரு வீண் பறப்பும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது.

பிப்ரவரிக்குள் வந்துவிடு, மார்ச்சில் கிளம்பத் தொடங்கிவிடும். தொலைநோக்கி இருந்தால் சாலையிலிருந்தே எல்லாம் தெரியும். நீரில் இறங்காதே, உடன் வருபவர்களையும் இறங்க விடாதே.

அன்புடன்,
மலர்