துணை வரும் இசை

இசை இரு வகைப்படும் என்பேன். தன்னைக் கேட்கும்படி நம்மை அழைத்து அமர்த்துவது ஒன்று. நாம் போகும் வழியில் நம்மோடு கூட நடந்து வருவது மற்றொன்று. முன்னதற்கு மேடை உண்டு, கைதட்டல் உண்டு. பின்னதற்கு இவ்விரண்டும் இல்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் நம்முள் தங்கிவிடுவது பெரும்பாலும் பின்னதே.

இவ்வெண்ணத்தை என்னுள் விதைத்தது ஒரு கேள்வி. வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருந்த என் தங்கை மகன் ஒருநாள் கேட்டான்: “மாமா, இந்த இசையை நூறு தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன், சலிக்கவில்லை. நம் கோவிலில் புதிதாகப் பாடும் பாட்டு மட்டும் இரண்டாம் வாரமே சலித்துவிடுகிறதே, ஏன்?” பங்கின் பாடற்குழுவில் பல்லாண்டுகளாக ஆர்மோனியம் வாசித்துவரும் என்னால் அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. அவனருகே அமர்ந்து செவிகொடுத்தேன்.

அவன் ஆடியது, பாத்திரமேற்று ஆடும் வகை. ஆடுபவர் ஒரு வழிப்போக்கனாகி, ஊர் ஊராகச் சென்று, பகைவரை எதிர்கொண்டு, பல நாள் நீளும் பயணத்தை முடிக்க வேண்டும். ஜப்பானில் இவ்வகைக்குப் பெருவழி திறந்தது 1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’. அதற்கு இசையமைத்தவர் கோய்ச்சி சுகியாமா (1931–2021). முழு விளையாட்டுக்கும் கிடைத்த இடம் 64 கிலோபைட். மெட்டுக்கு மூன்று குரல்கள், தாளத்திற்கு ஓர் இரைச்சல் ஒலி. ஏறக்குறைய அவ்வளவே அவர் கையிருப்பு. அந்த வறுமையிலும் அரண்மனைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று, குகைக்கு ஒன்று என இசை வகுத்தார். குகையின் தளங்களில் இறங்க இறங்க, அதே மெட்டு சுருதி தாழ்ந்து, நடை தளர்ந்து ஒலிக்கும். ஆழத்தைக் கண் அறியுமுன் செவி அறிந்துவிடும்!

திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சியின் நீளம் தெரியும். இங்கோ, ஒருவர் ஊரில் இரண்டு நிமிடம் நிற்பார். மற்றொருவர் இரண்டு மணி நேரம் சுற்றுவார். எனவே மெட்டின் முடிவு அதன் தொடக்கத்தோடு தையல் தெரியாமல் இணைய வேண்டும். வழியில் பகைவர் குறுக்கிட்டால் பயண இசை அறுபடும். போர் முடிந்தபின், பழைய விளையாட்டுகளில், அது பெரும்பாலும் முதலிலிருந்தே எழும். ஆகவே மிகுதியாகக் கேட்கப்படுபவை முதல் சில அடிகளே. முதன்முறை வியக்கவைக்கும் திருப்பம் முப்பதாம் முறை உறுத்தும். தெளிந்த மெட்டும், அளவான நடையும், ஆடுபவர் சிந்திக்க இடம் விடும் அடக்கமுமே நிலைக்கும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் விளையாட்டு வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முதலில் முழங்கியது டிராகன் குவெஸ்டின் தொடக்க இசைதான். நடப்பவரோடு நடக்கவென்றே பிறந்த இசை அல்லவா அது!

திரும்பத் திரும்ப ஒலிப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ ஏழாம் பாகத்திற்கு இசையமைத்தவர், தாமாகவே இசை பயின்ற நொபுவோ உயெமாட்சு. அதில், மண்டியிட்டு வேண்டுதலில் ஆழ்ந்திருக்கும் ஏரித் என்னும் பெண் கொல்லப்படுகிறாள். உடனே போர் மூள்கிறது. ஆனால் வழக்கமான போர் இசை எழவில்லை. அவளுக்குரிய மென்மையான மெட்டே போர் முழுவதும் தொடர்கிறது. நூறு முறை கேட்டுப் பழகிய ஒன்று வராமற்போனதே அங்குத் துயரின் மொழி ஆகிறது.

திருச்சபை இதனை நெடுங்காலமாக அறியும். பெரிய வியாழனன்று வானவர் கீதத்தோடு ஓய்ந்த மணிகள், பாஸ்கா திருவிழிப்பில் அக்கீதம் மீண்டும் எழும்வரை வாய் திறப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒலித்த மணியல்லவா, அதனால்தான் அந்த மௌனம் நம் நெஞ்சைத் தைக்கிறது. வாரந்தோறும் மாறும் ஒன்று மௌனமானால் யார் கவனிப்பார்?

திருவழிபாட்டுச் செயலோடு எவ்வளவு நெருக்கமாக இணைகிறதோ, அவ்வளவுக்குத் திருஇசை புனிதமாகிறது என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. காணிக்கைப் பவனிக்கு எத்துணை நேரம் ஆகும் என்பது பாடற்குழுவின் கையில் இல்லை. நற்கருணை பெற வரிசையில் வரும் மூதாட்டியின் நடையை நாம் விரைவுபடுத்தவும் இயலாது. அவர்கள் நடக்கும்வரை பாட்டு நடக்க வேண்டும். அவர்கள் நிற்கும்போது அதுவும் நிற்க வேண்டும். மன்றாட்டு மாலையின் ஒரே மறுமொழி தலைமுறைகளாகச் சலிக்காததும் இதனாலேயே: அது தன்னைக் காட்டுவதில்லை, வேண்டுவோரைத் தாங்குகிறது.

புதுப்பாட்டு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. மக்கள் வாய்க்கு வருமுன் அதனை மாற்றிவிட்டால், குழு பாடும், மக்கள் ஊமையாய் நிற்பர். இளையோர் தங்களோடு நடக்கும் இசையை வேறிடத்தில் தேடிக்கொள்வர். சில பாடல்களையேனும் ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு பாடுவோம். எம்மாவு சாலையில் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல், சீடர்களோடு கூட நடந்தவரின் பணியாளர்கள் அல்லவா நாம்?