பிரேசில் காப்பியும் எங்க வீட்டுக் களமும்

திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதைதான். போன மாசம் போடிக்குப் போனப்ப என் பையில கால் கிலோ பிரேசில் காப்பிக்கொட்டை. எங்களுக்கு போடிமெட்டுச் சரிவுல ரெண்டு ஏக்கர் காப்பி இருக்கு. நிழலுக்கு சில்வர் ஓக், அது மேல மிளகுக்கொடி. அந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் காப்பி! எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கின பெங்களூர் நண்பன், "குடிச்சுப் பாருடா"ன்னு கையில திணிச்சது.

போன காரணம் வேற. அப்பா போன்ல சொல்லியிருந்தார்: "காப்பியை வெட்டிட்டு மிளகை மட்டும் வச்சுக்கலாம்னு இருக்கேன். பழம் எடுக்க ஆள் கிடைக்கல. எனக்கும் முட்டி ஒத்துழைக்கல." மாசாமாசம் சம்பளம் வாங்கிப் பொட்டி தட்டுறவன், எதிர்த்துப் பேச எனக்கு என்ன தகுதி? ஆனா தாத்தா வச்ச செடி. மனசு கேக்கல.

சாயங்காலம் கொட்டையை மிக்ஸியில அரைச்சு, பித்தளை ஃபில்டர்ல போட்டு, பால் கலந்து கொடுத்தேன். அப்பா ஒரு மடக்கு குடிச்சார்.

"சிக்கரி எவ்வளவு?"

"இல்லவே இல்லப்பா."

"சும்மா சொல்லாத. சிக்கரி இல்லாம பால்ல இப்படி நிக்காது."

எனக்குத் தெரிஞ்ச அரைகுறையை எடுத்து விட்டேன். நம்ம ஊர்ல பாக்கெட்ல அச்சடிச்சுட்டு 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி கலக்கலாம். டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் அதுதான் கொடுக்குது. எஸ்பிரஸ்ஸோவுல அந்த வேலையை அழுத்தம் பாத்துக்கும். 18 கிராம் தூள், 9 பார் அழுத்தம், அரை நிமிஷத்துல 36 கிராம் டிகாக்‌ஷன். அப்படிச் சுருக்கிப் பிழியும்போது புளிப்பும் சேர்ந்து நாக்கைக் கடிக்கும். அதனால புளிப்பு கம்மியான கொட்டையா எடுத்து, கொஞ்சம் கூடுதலா வறுப்பாங்க. ரெண்டும் சேர்றதால ஃபில்டர்ல போட்டாலும் பாலைத் தாங்குது.

பாக்கெட்ல 'நேச்சுரல்'னு போட்டிருந்துச்சு. "பழத்தைத் தோலோட அப்படியே காயவைக்கறதுப்பா"ன்னேன்.

அப்பா சிரிச்சுட்டார். "அடேய், அது செர்ரிடா! நாம கடைசியில பெருக்கி அள்ளுறது."

உண்மைதான். நல்ல பழமெல்லாம் பல்ப்பர்ல போய், கழுவி, காய்ஞ்சு, 'பிளான்டேஷன்'னு நல்ல விலைக்குப் போகும். பச்சை, கருப்பு, உதிர்ந்தது எல்லாம் செர்ரின்னு அடிமாட்டு விலைக்குப் போகும். அங்க அதையே பழுத்த பழத்துல பண்ணி, 'செர்ராடோ'ன்னு ஊர்ப் பேரையும் போட்டு விக்கறாங்க. எங்க காப்பி வியாபாரி மூட்டையில விழுந்ததோட பேர் போச்சு. எந்த ஊர்த் தூள்ல கலந்துச்சுன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"நாமளும் நல்ல பழத்துல பண்ணலாமேப்பா?"

"அங்க அறுப்பு எப்போ?"

"மே லேர்ந்து செப்டம்பர்."

"அப்ப மழை உண்டா?"

"பெரும்பாலும் இருக்காது."

"நமக்குப் பழுக்கறது ஐப்பசி, கார்த்திகை. அடைமழை. தோலோட போட்டா ரெண்டே நாள்ல பூசணம் பிடிச்சுரும். உங்க தாத்தா எதுக்குடா பல்ப்பர் வாங்கினார்?"

அசடு வழிஞ்சேன். இருபத்தெட்டு வருஷமா அந்த பல்ப்பரைப் பாக்கறேன். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில அப்பாவே ஆரம்பிச்சார். "கடைசி எடுப்பு தை மாசம் வரும். அப்ப வெயில் இருக்கும். செவப்புப் பழமாப் பாத்து ரெண்டு மூட்டை மட்டும் காயப் போட்டுப் பாப்போம். ஆனா நாள் பூரா கிளறி விட ஆள் வேணும்."

"நான் லீவு போடறேன்."

"ம்ம். பாப்போம்."

அந்த 'பாப்போம்'ல நிறைய இருந்துச்சு. நாலு பொங்கலா நான் ஊருக்கு வரல.

வெட்டறதை மாசி வரைக்கும் தள்ளி வச்சிருக்கோம். நான் ஜெயிச்சது அவ்வளவுதான். ஐம்பது கிலோ மூட்டை ரெண்டு காய்ஞ்சு, தோல் நீங்கினா 18 கிலோ கொட்டை தேறும். என் லீவுச் சம்பளத்துக்குக் கூடக் காணாது. ஆனா அந்தச் சாக்குல 'போடிமெட்டு'ன்னு எழுதி வைக்கலாம்ல?

டிக்கெட் போட்டாச்சு.

டிஸ்கி: தை மாசம் களத்துல கிளறி விட வர்ற பதிவர்களுக்குக் காப்பி இலவசம். சிக்கரி கிடையாது :-)