டீசல் முள்ளும் ஏறுதுங்கய்யா

தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். பழுது என்று யார் சொன்னாலும் என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "எர்த்தைப் பாத்தியா?" என்பதுதான். அப்படிப்பட்ட நானே எர்த்தைப் பார்க்காமல் ஒரு நல்ல பையனை இழந்த கதை இது. எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று தோன்றுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு, ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் எங்கள் முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். காய் ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். வாங்கும்போதே பன்னிரண்டு வயது ஆன வண்டி. ஓட்ட எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். இருபத்து நாலு வயது. அதிகம் பேச மாட்டான். காலையில் வந்ததும் பானெட்டைத் தூக்கித் தண்ணீர், ஆயில் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவான்.

ஒரு கார்த்திகை மாதம். மார்க்கெட்டில் காயை இறக்கிவிட்டு இருட்டிய பிறகு வந்தவன், "ஐயா, ஹீட் மீட்டர் ரொம்ப ஏறுதுங்க. பாதி வழியில ஓரங்கட்டி நிறுத்திட்டு வந்தேன்" என்றான்.

"தண்ணி பாத்தியா?"

"பாத்தேங்கய்யா. ரொம்பி இருக்கு. இன்னொண்ணுங்கய்யா, டீசல் முள்ளும் சேந்து ஏறுது."

நான் சிரித்துவிட்டேன். "போடாமலே டீசல் ஏறினா நல்லதுதானேப்பா" என்றேன். திண்ணையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் பகலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் ஓட விட்டும் முள் நடுவிலேயே நின்றது. இருந்தாலும் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அன்று இரவும் முள் ஏறியது. அடுத்து தெர்மாஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது இல்லைன்னா ஹீட்டே ஆகாதுங்க" என்றார் மெக்கானிக். அது தப்பு, நண்பர்களே. இன்ஜின் சீக்கிரம் சூடாகி, அதன்பின் ஒரே அளவில் நிற்கத்தான் அந்த வால்வு. எங்கள் வண்டி வால்வில் 82 டிகிரி என்று பொறித்திருந்தது. அதை எடுத்த பிறகு வண்டி சூடேற நேரமானது, டீசல் கூடுதலாகக் குடித்தது. இரவில் முள் மட்டும் பழையபடி ஏறியது.

மூவாயிரத்துச் சொச்சம் செலவான கோபம் எனக்கு. "நீ ஓட்டுற லட்சணத்துலதான் ஹீட் ஆகுது. கியர் மாத்தாம இழுத்துக்கிட்டு வருவே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "வேற ஆளைப் பாத்துக்கங்கய்யா" என்று போய்விட்டான். "அந்தப் பையன் பொய் சொல்ற பையன் இல்லைங்க" என்றாள் என் மனைவி. அதையும் நான் காதில் வாங்கவில்லை.

வேறு ஆள் கிடைக்கும்வரை நானே ஓட்டினேன். நாலாவது நாள் இரவு ரயில்வே கேட்டில் நிற்கிறேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பவர் கண் கூசுமே என்று முகப்பு விளக்கை அணைத்தேன். பத்து எண்ணுவதற்குள் முள் இறங்கி நடுவில் வந்து நின்றது. கூடவே டீசல் முள்ளும் முக்காலிலிருந்து பாதிக்கு இறங்கியது. விளக்கைப் போட்டேன், இரண்டும் ஏறின. அணைத்தேன், இரண்டும் இறங்கின.

அத்தனை லிட்டர் தண்ணீரும் அத்தனை இரும்பும் பத்து நொடியில் ஆறாது. ஏறியது சூடு அல்ல, முள் மட்டும்தான். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த பிறகுதான் கேட் திறந்திருப்பதையே கவனித்தேன்.

மறுநாள் காலை என் பழைய மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் அணைந்திருக்க, சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரில் செருகியிருந்த ஒற்றை ஒயரைக் கழற்றினேன். முள் கீழே போனது. அந்த ஒயரை ஒரு கணம் இன்ஜின் உடம்பில் தொட்டேன். முள் மேலே போனது. மீட்டரும் ஒயரும் சரி. சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைய வேண்டும். குறைந்தது. அதுவும் சரி.

மிச்சம் இருந்தது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை டேஷ்போர்டுக்குப் பின்னால் வரும் கறுப்பு ஒயரிலும், மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். விளக்கைப் போட்டதும் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருந்தால் கால் வோல்ட்கூட வரக்கூடாது. முகப்பு விளக்கோடு மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் குட்டி பல்புகளும் எரியும். அந்த மின்சாரமும் முள்களின் மின்சாரமும் திரும்பிப்போக ஒரே வழி அந்தக் கறுப்பு ஒயர். வழி அடைபட்டால் முள்கள் பொய் சொல்லும். பகலில் பல்பு எரியாததால் மெக்கானிக் முன்னால் முள் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறது.

ஒயரைத் தொடர்ந்து போனால், கண்ணாடி ரப்பர் வழியே ஒழுகிய மழைத்தண்ணீரில் ஒரு போல்ட்டு துருப்பிடித்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவி, இறுக்கி முடுக்கினேன். செலவு பத்து ரூபாய். புது வால்வு வாங்கி மாட்டியதையும் ரப்பர் மாற்றியதையும் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. "தப்பு உன் மேல இல்லப்பா. நீ முதல் நாளே சரியாச் சொன்னே. நான்தான் சிரிச்சேன். நாலு பேர் முன்னால பேசினதும் தப்பு" என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வண்டிவரை வந்தான். சாவியைத் திருகி விளக்கை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தான். முள்கள் அசையவில்லை. "டீசல் முள்ளும் நிக்குதுங்கய்யா" என்றான். அன்றுதான் லேசாகச் சிரித்தான். ஆனால் அதற்குள் வேறு ஒரு லாரியில் சேர்ந்திருந்தான். சொன்ன வார்த்தையை மாற்ற முடியாது என்று திரும்பி வரவில்லை. அதுவும் அவன் குணம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முள் பொய் சொல்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். ஏறினால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது. அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கியும் காட்டலாம். ஏறினாலும் திடீரென்று இறங்கினாலும் அந்த முள் ஏதோ சொல்கிறது என்றுதான் அர்த்தம்.

முள் சொன்னதை நான் மூன்று வாரம் கேட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன் சொன்னதைத்தான் கேட்காமல் விட்டேன்.