கடல் விலகிய கடைத்தெரு

சிங்கப்பூரிலிருந்து

ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர்ப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வருகிறவர்களை உறவினர்கள் முதலில் லிட்டில் இந்தியாவுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். முஸ்தபாவில் சாமான், வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடு, சிராங்கூன் சாலையில் சாப்பாடு. அதோடு ஊர் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். தேக்கா சந்தையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் பூகிஸ் வந்துவிடும். இங்குள்ள இளவட்டங்கள் எங்கே கூடுகிறார்கள், எதைப் பேரம் பேசி வாங்குகிறார்கள் என்று பார்க்க அந்த நடையைவிட நல்ல வழி கிடையாது.

கூரை போட்ட பூகிஸ் வீதிச் சந்தையில் நூற்றுக்கணக்கான சிறு கடைகள். சட்டை, செருப்பு, கைப்பேசி உறை, காதணி, பழச்சாறு என்று கைக்கு அடக்கமான விலையில் எல்லாம் கிடைக்கும். சுற்றிலும் படிப்பு. பென்கூலன் வீதியில் நன்யாங் நுண்கலைக் கழகம், மெக்னலி வீதியில் லசால் கலைக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம். விக்டோரியா வீதியில் 2005-ல் திறந்த தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களும் ஏராளம். வகுப்பு முடிந்த பிள்ளைகள் நடந்தே வந்துவிடுகிற தூரம் எல்லாமே.

சுலவேசித் தீவிலிருந்து பாய்க்கப்பலில் வந்து வியாபாரம் செய்த பூகிஸ் மாலுமிகளின் பெயர் இந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. பழைய பூகிஸ் வீதி இரவுச் சாப்பாட்டுக்கும் அங்கே கூடிய திருநங்கைகளுக்கும் உலகெங்கும் பேர் போனது. 1980-களின் நடுவில் ரயில் பாதைக்காக அதை இடித்தார்கள். இப்போது இருப்பது பிறகு கட்டிய புதுத் தெரு. பிழைப்பும் துணையும் ஒரே இடத்தில் கண்டிருந்த அந்தத் திருநங்கைகளை நினைவூட்ட இங்கே ஏதாவது இருந்திருக்கலாம்.

சந்தையின் பின்பக்கம் வாட்டர்லூ வீதி. அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்ட சீனர்கள் அப்படியே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிப் போகிறார்கள்.

விக்டோரியா வீதியைத் தாண்டிக் கிழக்கே போனால் கம்போங் கிளாம். பூகிஸ் ரயில் நிலையம் திறந்த அதே 1989-ல்தான் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள். பக்கத்துத் தெரு போயிற்று, இது பிழைத்தது. பிழைத்ததால்தான் ஹாஜி லேன் இன்று இளைஞர்களின் சந்து. மக்காவுக்குக் கப்பல் ஏற வந்த ஹஜ் பயணிகள் தங்கிய வீடுகள் இருந்த இடம் அது. கார் நுழையத் திணறும் அகலம், இருபுறமும் இரண்டு மாடிக் கடைவீடுகள். பெருங்கடைகளுக்கு ஒத்துவராத அந்தச் சின்ன அறைகள், சொந்தமாகத் துணி தைத்து விற்கும் புது வியாபாரிகளுக்குத் தோதாக அமைந்தன. சுவரெல்லாம் பெரிய வண்ண ஓவியங்கள். அடுத்த அரபு வீதியில் பட்டும் பாத்திக்கும் மீட்டர் கணக்கில் விற்கிறார்கள்.

இந்தக் கடைவீடுகளின் முகப்பில் ஓடும் நடைபாதையை ஊர்க்காரர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் முன்னால் கூரையுள்ள பாதை தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் விதித்தார். ஐந்தடிப் பாதை என்று அதற்குப் பெயர். வெயிலோ மழையோ, தலை நனையாமல் கடைகடையாகப் போகலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் கைக்குழந்தையோடு ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்த எந்தத் தாய்க்கும் இதன் அருமை தெரியும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கட்டும்போதே ஐந்தடி விட்டால் போதும்.

தங்கக் குவிமாடத்தோடு நிற்கும் சுல்தான் பள்ளிவாசல் 1932-ல் கட்டி முடிந்தது. குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். ஏழை முஸ்லிம்கள் சேகரித்துக் கொடுத்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களைப் பதித்தது அது. பணக்காரர் பணம் கொடுத்தால் ஏழையின் பங்கும் கண்ணில் படட்டும் என்று செய்தார்கள். எதிரே, நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908-லிருந்து நடக்கும் ஜம்ஜம் கடையின் ஆட்டு முர்தபா ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம்.

சற்று அப்பால் பீச் ரோடு. பெயரில்தான் கடற்கரை. அலை அடித்த அந்த இடத்திலிருந்து 19-ம் நூற்றாண்டு தொட்டு மண் கொட்டிக் கொட்டிக் கடலை வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலிலிருந்து சுவாமி கடலுக்குப் போய் வலைவீசும் படலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கடல் இல்லாத கடற்கரைச் சாலை மனசை என்னவோ செய்யும்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் நடந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். பழைய கடிகாரமும் நாணயமும் விரித்து உட்கார்ந்திருந்த முதியவர்களுக்கு அது வருமானம் மட்டுமல்ல, பேச்சுத்துணையும்கூட. கம்போங் கிளாமிலும் வாடகை ஏற்றம் பழைய வியாபாரிகளை நெருக்குகிறது. பாய்க்கடையும் ஜவுளிக்கடையும் வெளியேறி எல்லாம் ஒரே மாதிரி நினைவுப்பொருள் கடையானால், இளைஞர்களும் வேறு தெரு தேடிப் போய்விடுவார்கள்.

வருகிறவர்கள் காலையிலேயே போக வேண்டாம். ஹாஜி லேன் கடைகள் பல நண்பகலுக்கு மேல்தான் திறக்கும். பள்ளிவாசலுக்குள் போவதென்றால் தோளைத் துணி கொண்டு மூடிக்கொள்ள வேண்டும். கால்முட்டி தெரியாத உடையும் அவசியம். தண்ணீர்ப் புட்டி ஒன்றும் பழகிய செருப்பும் போதும், பாதி நாளில் அத்தனையும் பார்த்துவிடலாம்.