பிச்சிப்பூவும் எக்ஸும்

குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் தொடங்கும் பேரம் வெயில் ஏறியதும் அடங்கிவிடும். நான் போனது மாலையில். சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டு முற்றத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் பூக்கட்டுதான் பிழைப்பு. அன்றைய பாடம், கேட்டாலே முகம் சுருங்கும் வாக்கியக் கணக்கு.

டீச்சர் பலகையில் எழுதினார்: பிச்சியும் மல்லியுமாக 12 கிலோ. பிச்சி கிலோ 500 ரூபாய், மல்லி 800. கொடுத்தது 7,200. எது எத்தனை கிலோ?

கடைசி வரிசைப் பையன் பேனாவைத் திறக்கவே இல்லை. “பிச்சி எட்டு, மல்லி நாலு.”

“எப்படிலே?”

“எல்லாம் மல்லின்னா 9,600 ஆயிருக்கும் டீச்சர். 2,400 கொறவு. ஒரு கிலோ பிச்சிக்கு 300 கொறையும். அப்ப எட்டு.”

நான் அசந்துபோனேன். டீச்சர் அசரவில்லை. அடுத்த கணக்கைப் போட்டார்: 2 ரூபாயும் 5 ரூபாயுமாக 80 நாணயங்கள், மொத்தம் 220 ரூபாய். அதே எலும்பு, வேறு தோல். அதே பையன் 80-ஐயும் 220-ஐயும் கூட்டிவிட்டு விழித்தான்.

2025-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் விற்கிற பிள்ளைகள் சிக்கலான பேரங்களை மனக்கணக்காகவே முடிக்கிறார்கள்; பாடப்புத்தக வடிவில் கேட்டால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கம் தானாகத் தாண்டுவதில்லை.

தாண்ட வைக்க டீச்சர் கையாண்ட வழிதான் நான் பார்க்கப் போனது. எக்ஸை அவர் உடனே எடுக்கவில்லை. புதிய கணக்கு ஒன்று சொன்னார்: கையில் கொஞ்சம் காசு. 7 கிலோ அரளி வாங்கினால் 100 ரூபாய் மிஞ்சும். 10 கிலோ வாங்கினால் 800 ரூபாய் குறையும். கிலோ என்ன விலை?

“வெலையத் தேடாதே. தெரிஞ்ச மாதிரி வச்சுக்கிட்டுப் பேசு. கையில உள்ள காச ரெண்டு விதமாச் சொல்லு பாப்போம்.”

ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “ஏழு கிலோ வெல, கூட நூறு.” இன்னொருத்தி: “பத்து கிலோ வெல, அதுல எண்ணூறு போக.”

“ரெண்டும் ஒரே காசுதானே? நடுவுல சமக்குறி போடு.” மூன்று கிலோ 900 ரூபாய், ஒரு கிலோ 300, கையில் இருந்தது 2,200 என்று சரசரவென இறங்கியது. அதன் பிறகுதான் ‘ஒரு கிலோ வெல’ என்ற நீளச் சொல்லை அழித்துவிட்டு எக்ஸ் வந்து உட்கார்ந்தது. சமன்பாட்டைத் தீர்ப்பது எளிது. ஒரே பொருளை இரண்டு வாயால் சொல்லத் தெரிவதுதான் பாடு. நம் வழிகாட்டி நூல்கள் ‘மாதிரி 1, மாதிரி 2’ என்று அடுக்கும்போது இந்த இடத்தைத்தான் தாவிவிடுகின்றன. பழைய கணித நூலான கணக்கதிகாரமும் வழியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது: பலாவை அறுக்காமல் சுளை அறிய, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். பலாவுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம், வேண்டியவர் சோதிக்கலாம்.

அடுத்த சறுக்கல் எனக்கே சுவாரசியமாக இருந்தது. “பிச்சியைப் போல நாலு மடங்கு கிரேந்தி” என்றார் டீச்சர். பலர் பிச்சிக்கு ‘பி’, கிரேந்திக்கு ‘கி’ என்று வைத்து, 4கி = பி என்று எழுதினார்கள். எழுத்து அவர்களுக்குப் பூவாகவே தெரிகிறது, கிலோ எண்ணிக்கையாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1981-இல் கிளெமென்ட் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம், பேராசிரியர்களைப் போல 6 மடங்கு மாணவர்கள் என்று எழுதச் சொன்னபோது 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் இதே போலத் தலைகீழாக. டீச்சரின் மருந்து: பிச்சிக்கு 2 போட்டுப் பார். 4 கிரேந்தி 2 என்றால் கிரேந்தி அரை. “நாலு மடங்கு கூடுதல்னு சொன்னேன், கொறஞ்சுல்லா போச்சு மக்கா!” சிரிப்பு எழுந்தது, எழுத்துகள் இடம் மாறின.

கடைசியாக, ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கச் சொன்னார். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் கொடுத்தார்: 2000 ஜனவரி 1-இல் திறந்தது, பீடமும் சிலையும் சேர்ந்து 133 அடி. வித்தியாசம் 57 என்றாள் ஒருத்தி. பீடம் 38, சிலை 95 என்று வந்தது. பையன் வித்தியாசத்தை 58 ஆக்கினான். பீடம் 37½ அடி.

“அரை அடி இருக்கலாம். ஆனா அந்த 38 அறத்துப்பால் அதிகாரமில்லா? அரை அதிகாரம் வருமா?” என்றார் டீச்சர்.

“அப்ப கூட்டினது ஒத்தப்படைன்னா வித்தியாசமும் ஒத்தப்படையாத்தான் இருக்கணுமா டீச்சர்?”

“எனக்கிட்ட ஏன் கேக்க? எழுதிப் பாரு.”

அவன் பேனாவைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவள், 133-க்குப் பதில் 134 போட்டால் என்ன ஆகும் என்று தனியாகத் தொடங்கிவிட்டாள்.